மணிக்கட்டில் இரண்டு சுற்று

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாளைத்துறையில் யாரைக் கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் இதைச் சொல்வார்கள். கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கப் போனான், அடியிலேயே மயங்கிவிட்டான், கயிறு பிடித்த தொம்மை குதித்து அவனைத் தூக்கிவந்து வள்ளத்தில் தள்ளிவிட்டுத் தான் போய்ச் சேர்ந்தான் என்று. அந்தக் கோயமுத்தூர்க்காரன் நான்தான். எனக்கு நடந்ததை எனக்கே ஊர்தான் சொன்னது. ஊருக்குச் சொன்னது ஒரே ஒரு ஆள், தொம்மையின் அப்பா இன்னாசி. இன்றைக்கு அவர் என் மாமனார்.

பஸ் மூன்று நாற்பதுக்கு. இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், அங்கே வெயில் வரும்.

வாடகைக்கு வீட்டைப் பார்த்துவிட்டுச் சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது கேட்டீர்கள் அல்லவா, மூழ்கப் பழகுகிறவர்களுக்கு இந்த ஊர் சரிப்படுமா, இங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கலாமா என்று. உங்கள் நோட்டு திறந்திருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. கரைக்குப் பக்கத்திலேயே ஆழம், விசைப்படகு கிடையாது, கூட்டம் கிடையாது, அமைதி. அமைதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். நான் ஒரு கோடுதான் போட்டேன்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால். எனக்கு முப்பத்துமூன்று வயது. பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் தெரியுமா? பனைமர ஆழம் இருக்கும். சின்ன வயதில் அடி மண்ணை அள்ளி வந்து காட்டினால்தான் ஆள் என்று ஒத்துக்கொள்வார்கள். எல்லாரும் பத்துப் பன்னிரண்டு வயதில் அந்த விளையாட்டை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஃப்ரீடைவிங் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே முப்பது வயதில்தான் தெரியும். காதைப் பற்றிப் படித்தேன், நுரையீரலைப் பற்றிப் படித்தேன். தலையையும் சேர்த்து மூடுகிற இரண்டு கறுப்பு உடுப்பு வரவழைத்தேன். பிறகு நோட்டுப் போட்டு ஊர் தேடினேன். பிப்ரவரியில் இங்கே வந்து இறங்கினேன், மூன்று மாத விடுப்பில். மூன்று மாதம் மேடம்.

கரையிலிருந்து வள்ளத்தில் அரை மணி நேரத்தில் கசம் இருக்கிறது. கடலுக்குள் ஒரு கிணறு மாதிரி இறங்குகிற பள்ளம். இருபது பாகம். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். உங்கள் ஆழம் பார்க்கிற கருவியில் முப்பத்தாறு மீட்டர் காட்டியிருக்குமே, அதுதான். அந்த அடி மண்ணை ஒரு பிடி எடுத்துவர வேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை.

இன்னாசியிடம் வள்ளம் கேட்டுப் போனேன். அவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வள்ளம் தாரேன். கயிறு யாரு பிடிப்பா?"

கல் கட்டிய கயிறு ஒன்று அடிவரை தொங்கும், அதைப் பிடித்து இறங்கி அதைப் பிடித்தே ஏறிவிடுவேன், யாரும் பிடிக்க வேண்டாம் என்றேன்.

"அது கல்லுக்குக் கட்டுத கயிறு. ஒங்களுக்குக் கட்டுத கயித்த யாரு பிடிப்பா?"

இந்த ஊரில் சங்கு குளித்த காலத்து வழக்கம் அது. குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை, அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன் கையில். மச்சான் கையில் மட்டும்தான். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடக் கிடையாது. தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அதனால் அவன் கண் அசரமாட்டான் என்பது நம்பிக்கை. கயிற்றை வெறுமனே பிடிக்கக் கூடாது. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். புத்தி வேறெங்காவது போனாலும் கை போகக் கூடாது.

"கல்யாணம் ஆயிட்டா?"

"இல்லைங்க."

"அப்ப மச்சான் கெடையாது."

"இல்லைங்க."

"மச்சான் இல்லன்னா கயிறு இல்ல. கயிறு இல்லன்னா வள்ளம் இல்ல. வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அப்போதுதான் தொம்மை உள்ளேயிருந்து வந்தான். இருபத்தேழு வயது, சிரித்த முகம். "எப்பா, பாவம்பா, அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு. நான் பிடிக்கேன். மாப்ளன்னு கூப்பிட்டுட்டாப் போச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஒன் கயித்துக்கு என்ன ஏம்ல இழுக்க?"

அது கித்தேரி, தொம்மையின் தங்கை. அந்தக் குரலைத்தான் முதலில் கேட்டேன். முகத்தைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

அப்படித்தான் அவன் எனக்கு மச்சான் ஆனான். வேடிக்கைக்கு. காலையில் கரையில் நின்று, "மாப்ள, தூங்குனீயளா, இல்ல என் தங்கச்சிய நெனச்சிட்டுக் கெடந்தீயளா?" என்று கத்துவான். வலை இழுக்கிறவர்கள் சிரிப்பார்கள். என்னுடைய இரண்டாவது உடுப்பை அவனுக்குக் கொடுத்தேன். கயிறு பிடிக்கிறவனுக்கு அது எதற்கு? கேட்டான், கொடுத்தேன். அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டக் கொட்டத் தலை உறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்திருப்பான். "ஏலே, ரெண்டு ஓங்கல் கெளம்பிட்டு டோய்! வாலத்தான் காணோம்" என்பார்கள். ஓங்கல் என்றால் டால்பின். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே உடம்பு. முகத்தைப் பார்த்தால்தான் யார் என்று தெரியும்.

ஏப்ரல் கடைசியில் பதினேழு பாகம் தொட்டுவிட்டேன். இன்னும் மூன்று.

மே முதல் வாரம் கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கத் தொடங்கியது. கடல் கலங்கியது. இன்னாசி வள்ளத்தை மேட்டில் ஏற்றிவிட்டார். "தண்ணி மோரு மாதிரி கெடக்கு. கைய நீட்டுனா விரல் தெரியாது. அடுத்த வருசம் வாங்க" என்றார். எனக்கு மே பதினைந்து வரைதான் விடுப்பு. நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை மேடம். கேட்டேன். நான்கு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் தொம்மையே அப்பாவிடம் சண்டை போட்டு வள்ளத்தை இறக்கினான். இதில் என்னைச் சொல்ல என்ன இருக்கிறது?

வள்ளத்தில் மூன்று பேர். எஞ்சினில் இன்னாசி. அன்றைக்கு அவருக்கு ஐம்பத்துநான்கு வயது, இன்றைக்கு என் வயது. கயிற்றோடு தொம்மை. நான்.

கல் கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணி கட்டியிருந்தேன். அன்று கண்ணுக்குத் தெரியவில்லை, கையால் தடவித் தடவி எண்ணினேன். பதினேழாவது துணி நினைவிருக்கிறது. பதினெட்டாவது துணி நினைவிருக்கிறது. அதற்கப்புறம் வள்ளத்தின் பலகை. டீசல் வாடை. இன்னாசி என் மார்பில் குத்துகிறார். "ஏலே, மூச்ச விடுல, மூச்ச விடுல" என்று கத்துகிறார். அதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசியவர். சரி, பதற்றத்தில் மரியாதை எங்கே நிற்கும்? அவர் தலையிலிருந்து தண்ணீர் என்மேல் சொட்டியது. அலை அடித்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு என் கண்ணாடியைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

என் சொந்த ஞாபகம் இவ்வளவுதான். மற்றது எல்லாம் அவர் சொன்னது.

மூன்றாம் நாள் தெற்கே மணல் திட்டில் தொம்மை ஒதுங்கினான். கறுப்பு உடுப்போடு. மணிக்கட்டில் இரண்டு சுற்று அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் கயிறு. அவ்வளவுதான். மீதி என் இடுப்பில் இருந்தது.

"பாறையில ஒரசி அந்துபோச்சு" என்றார் இன்னாசி. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த முனையைப் பார்த்தேன். உரசி அறுந்த கயிறு பிரிபிரியாக, துடைப்பம் மாதிரி இருக்கும். இருபத்தொரு வருடமாக இந்த ஊரில் ஐஸ் கூடத்தில் வேலை பார்க்கிறேன், தினம் கயிறு அறுக்கிறேன், கட்டுகிறேன். அது அறுந்தது அல்ல மேடம். அறுத்தது.

அங்கேதான் என் சந்தேகம் தொடங்கியது. மேலே இருந்தபடி இவரே அறுத்துவிட்டாரோ? பயத்தில் அறுத்துவிட்டு, மகனை வீரனாக்கி ஒரு கதை கட்டிவிட்டாரோ? தொம்மை குதிக்கவே இல்லையோ, கயிறு இழுத்து விழுந்தவன்தானோ? அந்தக் கதையால் யாருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அவன் என்னைக் காப்பாற்றிச் செத்தான் என்றால், அவன் தங்கையை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? என்னை இந்த ஊரில் கட்டிப்போட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

எப்படியெல்லாம் கட்டிப்போட்டார்கள் என்று கேளுங்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரம், நான் அவர்கள் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். இன்னாசி டவுனுக்குப் போய்க் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவந்து என் நெஞ்சின்மேல் வைத்தார். துண்டால் இடது காதையும் சேர்த்துத் தலையை இறுக்கிக் கட்டியிருந்தார், பத்து நாள் அவிழ்க்கவே இல்லை. துக்கத்தில் இவர்கள் அப்படிக் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த டிக்கெட் என்னைச் சோதிக்கத்தானே? ஓடிப்போகிறானா பார்ப்போம் என்றுதானே? நான் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து, கித்தேரியைக் கட்டிக்கொள்கிறேன் என்று கோயில் சாமியாரிடம், அதாவது பாதிரியாரிடம், போய் நின்றேன். கித்தேரி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க அண்ணன் செத்ததுக்கா என்னக் கெட்டுதீய? அப்பிடின்னா வேண்டாம். போங்க. இங்க ஒருத்தரும் ஒங்களப் பிடிச்சு வைக்கல." எவ்வளவு குத்தல் பாருங்கள். அப்படி ஒரு பெண் கேட்டபிறகு ஒரு ஆண்பிள்ளை போக முடியுமா?

மகள் பிறந்தாள். இப்போது கோயமுத்தூரில் படிக்கிறாள். என் ஊரில் அவள் இருக்கிறாள், அவள் ஊரில் நான் இருக்கிறேன். "அப்பா, ஒரு மாசம் வந்து எங்கூட இருங்களேன்" என்று ஒவ்வொரு லீவுக்கும் கேட்கிறாள். கித்தேரி ஒவ்வொரு முறையும் என் வேட்டி சட்டையை மடித்துப் பையில் வைத்துவிடுகிறாள். நான் ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடியில் போடுகிறேன். எதற்கு என்னை அனுப்பத் துடிக்கிறாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மூழ்கவாவது விட்டார்களா? அதுவும் இல்லை. கசம் அரை மணி நேரத்தில் இருக்கிறது, இங்கிருந்தே காட்டலாம், அதோ தண்ணீர் கறுத்துத் தெரிகிற இடம். இருபத்தொரு வருடமாக நான் அதில் இறங்கியதில்லை. கயிறு யார் பிடிப்பது? பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். என் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன். மச்சான் இல்லாமல் வந்தேன், வேடிக்கைக்கு ஒரு மச்சான் கிடைத்தான். கல்யாணம் செய்து அவனை நிஜ மச்சான் ஆக்கியபோது அவன் இல்லை. இந்த ஊரில் எந்த வள்ளமும் என்னை ஏற்றாது. வேறு ஊருக்குப் போய் இறங்கலாமே என்கிறீர்களா? போயிருக்கலாம்.

உங்களுக்கு யார் பிடிப்பார்கள் என்று நேற்றே ஊரில் பேச்சு வந்துவிட்டது. பெண் இறங்கினால் என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. "மச்சானுக்குப் பதிலா நாத்தனார் பிடிக்கணும்" என்றான் ஒருத்தன். "எந்த நாத்தனாரு பிடிப்பா? கல்லையும் சேத்துல்லா கெட்டி விடுவா" என்றாள் கித்தேரி. ஐஸ் கூடமே சிரித்தது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பஸ் தூசி தெரிகிறதா? இல்லை, அது உப்பளத்து லாரி.

மாமனாருக்கு இடது காது கேட்காது. எனக்குத் தெரிந்து, கல்யாணத்திலிருந்து. விஷக்காய்ச்சலில் போனது என்பார். எனக்கு அது வசதியாக இருந்தது. சாப்பிடும்போதும் கோயிலிலும் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பேச வேண்டியதில்லை அல்லவா? அவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். தொம்மையின் நினைவு நாளில் மட்டும் முதல் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். குத்திக்காட்டுகிறார் என்று தலையைக் குனிந்து தின்றுவிடுவேன்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் காது மூக்கு முகாம் போட்டார்கள். அவருக்கு எழுபத்தைந்து வயது, கையைப் பிடித்து அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா, காதுக்குள் விளக்கை விட்டுப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டது: "தாத்தா, நீங்க சங்கு குளிக்கப் போவீங்களா?"

"நானா? நான் எஞ்சின்காரன்லா. முட்டளவு தண்ணிக்கு மேல எறங்கமாட்டேன்."

"காய்ச்சல்ல போன காது மாதிரி தெரியலையே. ஆழத்துக்கு வேகமா எறங்குனா அழுத்தத்துல கிழிஞ்சுபோகும், குளிக்கிறவங்களுக்குத்தான் இப்படிப் பாத்திருக்கேன். எப்பவாவது எறங்குனீங்களா? ஒரு தடவையாவது?"

அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார். செருப்பு என் கையில் இருந்தது.

காதைப் பற்றி மூன்று வருடம் படித்தவன் நான். மூக்கைப் பிடித்து ஊதாமல் ஐந்து பாகம் இறங்கினால் காது என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கிழிந்த காது ஒன்று இருபத்தொரு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது.

அன்றைக்குச் சொட்டிய தலைமுடி. பத்து நாள் அவிழ்க்காத துண்டு. கத்தியால் அறுத்த கயிறு. எல்லாம் ஒவ்வொன்றாகத் தானாக வந்து உட்கார்ந்தன. தொம்மை குதித்தது நிஜம். கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்காமலே குதித்திருக்கிறான், வழக்கம் அல்லவா, விடக் கூடாது அல்லவா? என்னைப் பிடித்துப் பாதி தூரம் தூக்கியும் வந்திருக்கிறான். அங்கே அந்தக் கயிறே கல் கயிற்றில் சுற்றி, எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கும். அவனுக்கும் மூச்சு முடிந்திருக்கும். மேலே யாரும் வரவில்லை. வள்ளத்தில் மிச்சம் ஒரே ஒரு ஆள், மூழ்கத் தெரியாத ஆள். கல் கயிற்றைப் பிடித்துக் கைமேல் கை வைத்து இறங்கியிருக்கிறார். ஒரே மூச்சு. ஒரு கத்தி. அந்தக் கலங்கலில் தட்டுப்பட்டது இரண்டு உடம்பு. தூக்க முடிந்தது ஒன்று.

இத்தனை வருடமும் நான் தப்பான இடத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மகன் காப்பாற்றினான் என்று அவர் கட்டிய கதை என்னைப் பிடித்து வைக்க என்று நினைத்தேன். இப்போது அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாக இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஆயுள் முழுவதும் ஒரு ஆளுடைய முடிவால் வந்தது என்றால் அது ஒரு மாதிரி. முடிவே இல்லை, கை தவறியது என்றால் அது வேறு மாதிரி. முதலாவது என்றால் நான் இந்த ஊரை விட்டு நகரவே முடியாது. இரண்டாவது என்றால் இங்கே நான் இருப்பதற்கே அர்த்தம் இல்லை.

இன்று மத்தியானம் நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அதே இடம், அதே மாதிரி எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை வலது பக்கம் உட்கார்ந்தேன். அவர் உடனே திரும்பிப் பார்த்தார். இருபத்தொரு வருடத்தில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். "கேளுங்க மாப்ள" என்றார். இதற்காகவே காத்திருந்த மாதிரி சொன்னார்.

கேட்டேன். கேட்டுவிட்டு அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து இந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களிடம் சாவி வாங்க வேண்டியிருந்தது. அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், பிரித்த எஞ்சினை மாட்டாமல். அதோ, அது பஸ்தான். நீங்கள் ஏறுங்கள். ஊரைத் தேர்ந்தெடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் கேட்டது இவ்வளவுதான்:

"மாமா, அன்னைக்குத் தண்ணி கலங்கிக் கெடந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே கறுப்பு உடுப்பு, ஒரே உசரம். கயித்த அறுத்து ஒருத்தனத் தூக்குனீங்களே, மேல வந்து என் கண்ணாடியக் கழட்டுற வரைக்கும், யாரத் தூக்கிட்டு வாரோம்னு நெனச்சீங்க?"